தலைக்கட்டில் இல்லாத பெயர்

மீலாது மேடைகளில் ஏறிப் பேசுகின்ற நம் சொற்பொழிவாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்களைப் பற்றிய பேச்சு வந்ததும், அறியாமைக் காலத்து அரபிகள் பெண் மகவை உயிரோடு புதைத்த கொடுமையிலிருந்து தொடங்குவர். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கல்வியையும் எடுத்துரைப்பர். மணமான பெண்ணுக்குத் தன் சொத்தில் முழு உரிமை உண்டு என்பதை ஆங்கிலேயர் 1882ஆம் ஆண்டில்தான் சட்டமாக்கினர். நாமோ பதினான்கு நூற்றாண்டுகளாக அவ்வுரிமையை ஓதி வருகிறோம் என்று ஒப்பிட்டுக் காட்டுவர். "இதற்குமேல் பெண்களுக்கு என்ன வேண்டும்?" என்று வினவிவிட்டு இறங்கிவிடுவர். திரைக்கு அப்பால் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களிடம் அவ்வினாவுக்கு விடை கேட்டவரை நான் கண்டதில்லை. நானும் முப்பது ஆண்டுகளாக அவ்வாறே பேசி வந்தவன்தான். ஆகவே இக்குறையைப் பிறர் தலையில் ஏற்றிச் சொல்ல எனக்கு வாயில்லை.

அப்பேச்சில் பொய் ஏதும் இல்லை. சொல்லப்படும் செய்திகள் அத்தனையும் உண்மை. ஆயினும் அது தொடங்க வேண்டிய இடத்தில் முடிந்துவிடுகிறது என்பதே என் விமர்சனம். இதனை எனக்கு உணர்த்தியது ஒரு நூலன்று. சிவகாசிச் சுற்றுவட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு சிறு விவகாரம்.

அவ்வூரில் நம்மவர் குடும்பங்கள் நாற்பதுக்கு மேல் இரா. ஆண்கள் சுமைதூக்கும் தொழிலிலும் அச்சகங்களிலும் இருப்பவர்கள். பெண்களுட் பலர் பட்டாசு வேலைக்குச் செல்பவர்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்முதல், மழை பொய்த்த இக்கரிசல் பூமியில் அடுப்பெரிவது பெரும்பாலும் பெண்களின் விரல்களால்தான் என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். காகிதக் குழல் சுற்றுவதும், சரவெடி பின்னுவதும், பெட்டியில் அடுக்குவதும் அவர்கள் வேலை. எண்ணிக்கைக்குக் கூலி, ஒரு நாள் போகாவிட்டால் அந்நாளுக்குக் காசில்லை.

அவ்வூரில் ஒரு பெண்ணின் கணவர் மாரடைப்பால் வஃபாத்தானார். இரண்டு குழந்தைகள். தீபாவளிக்கு மூன்று மாதம் இருந்த நேரம். ஆலைகளில் வேலை மும்முரமாக நடக்கும் பருவம். அப்பெண் முன்பணமும் வாங்கியிருந்தார். இத்தா நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் கூறிவிட்டனர். அவர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர். பள்ளிவாசலில் வசூல் செய்து ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தனர். அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்தது.

அதே தெருவில் நிஸ்வான் மதரஸாவில் ஓதி ஆலிமாப் பட்டம் பெற்று வந்த இளம்பெண் ஒருவர் இருந்தார். நம் ஹனஃபி மத்ஹபின் ஆரம்பப் பாடநூலாகிய 'முக்தஸருல் குதூரி'யை அவர் ஓதியவர். கணவனை இழந்த பெண் பகலிலும் இரவின் ஒரு பகுதியிலும் தேவைக்காக வெளியே செல்லலாம். இரவு தங்குவது மட்டும் தன் இல்லத்திலேயே இருக்க வேண்டும் என்பது அந்நூலின் சட்டம். இதற்குரிய காரணத்தை 'ஹிதாயா' ஆசிரியர் விளக்குகிறார். தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு இத்தாக் காலத்தில் கணவன் செலவுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன். விதவைக்கோ அவ்வாறு கொடுப்பார் இல்லை. ஆகவே அவள் பிழைப்புத் தேடிப் புறப்பட வேண்டியவளாகிறாள். எவ்வளவு தெளிவான நியாயம்! நூற்றாண்டுகளுக்கு முன் மத்திய ஆசியாவில் அமர்ந்து எழுதியவருக்கு, கூலிக்குப் போகும் கைம்பெண்ணின் நிலைமை தெரிந்திருக்கிறது.

அந்த ஆலிமா இதைச் சொன்னார். கிதாபை விரித்தும் காட்டினார். "நேற்று ஓதிவிட்டு வந்த பிள்ளை மஸ்அலா சொல்ல வந்துவிட்டது" என்று தள்ளிவிட்டனர். பத்து நாள் கழித்து அவருடைய அத்தா என்னைத் தேடி வந்தார். நான் அதே கிதாபை எடுத்து, அதே பக்கத்தை விரித்து, அதே வரியைப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். "ஹஜ்ரத் சொன்னால் சரி" என்று அன்று மாலையே ஏற்றுக்கொண்டனர். மறுநாள் காலை அப்பெண் வேலைக்குச் சென்றார்.

உதவி செய்துவிட்டோம் என்ற நிறைவுடன் சில நாள் திரிந்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தத் தாளில், இந்தச் சட்டத்தை முதலில் எடுத்துக் கூறியவர் இன்னார் மகள், இன்ன ஆலிமா என்று ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் அடுத்த மஸ்அலாவுக்கு அவ்வூரார் அவரிடமே சென்றிருப்பர். என் கையொப்பம் ஒரு பெண்ணுக்கு வழி திறந்தது. மற்றொரு பெண்ணின் வாயை அடைத்தும்விட்டது.

ஃபத்வாவில் பெண்ணின் கையொப்பம் என்பது நம் மரபுக்குப் புதிதோ? ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் 'துஹ்ஃபத்துல் ஃபுகஹா' என்னும் ஹனஃபிச் சட்ட நூலை இயற்றிய இமாம் அலாவுத்தீன் ஸமர்கந்தி அவர்களுக்கு ஃபாத்திமா என்றொரு மகளார் இருந்தார். தந்தையின் நூலை முழுவதும் மனனம் செய்தவர். அந்நூலுக்கு விரிவுரையாக 'பதாயிஉஸ் ஸனாயிஃ' என்ற பெருநூலை எழுதிய இமாம் காஸானி அவர்களுக்கே அவரை மணமுடித்துக் கொடுத்தனர். அவ்விரிவுரையே மஹராக அமைந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அந்த வீட்டிலிருந்து புறப்பட்ட ஃபத்வாக்களில் தந்தை, மகள், மருமகன் ஆகிய மூவரின் கையொப்பமும் இருந்தன. கணவர் தடுமாறிய இடங்களில் மனைவி திருத்தினார் என்றும், அவர் அத்திருத்தத்தை ஏற்றார் என்றும் எழுதியுள்ளனர். 'பதாயிஉ'வை நம் மதரஸாக்களில் இன்றும் புரட்டுகிறோம். அதன் பின்னால் இருந்த பெண்மணியை மேடையில் புகழ்கிறோம். அவரைப் போல் ஒருவர் நம் தெருவில் இருந்தால் பெயரை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

ஹதீஸ் கலையில் இது இன்னும் வெளிப்படை. மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் போதித்து, ஹிஜ்ரி 463இல் மறைந்த கரீமா அல்மர்வஸிய்யா அம்மையாரிடம், கதீப் அல்பக்தாதி போன்ற பேரறிஞர்கள் அமர்ந்து பாடம் கேட்டனர். நம் நாட்டு ஜவ்ன்பூரில் பிறந்து லக்னோ நத்வாவில் பயின்ற முஹம்மத் அக்ரம் நத்வி அவர்கள் ஹதீஸ் அறிவித்த பெண்மணிகளின் வரலாற்றைத் திரட்டத் தொடங்கி, ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைக் கண்டெடுத்து, 43 தொகுதிகளாக 2021இல் வெளியிட்டார். சிறு நூலொன்று எழுதலாம் என்றே தொடங்கினாராம்.

இனி நம் நிஸ்வான் மதரஸாக்களைப் பார்ப்போம். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அவை தமிழகமெங்கும் பெருகியிருக்கின்றன. இது மகிழத்தக்க வளர்ச்சியே. வேலூர் பாக்கியாத்தைப் போலவும் லால்பேட்டை மன்பவுல் அன்வாரைப் போலவும் நூறாண்டு கண்ட அரபிக் கல்லூரிகள் ஆண்களுக்கு இருக்க, பெண்களுக்கு ஒன்றுமில்லாதிருந்த காலத்தை நினைத்தால், இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் அவற்றுள் பலவற்றின் பாடத்திட்டம் எனக்கு மனநிறைவு தரவில்லை. ஆண் ஏழாண்டும் அதற்கு மேலும் ஓதுகிறான்; பெண்ணுக்குப் பல இடங்களில் மூன்றாண்டு, மிஞ்சினால் ஐந்தாண்டு. சுருக்கியது காலத்தை மட்டுமாயின் பொறுக்கலாம். தூய்மை, தொழுகை, நோன்பு, நிகாஹ், குடும்ப ஒழுக்கம் என்ற எல்லையோடு சட்டப் பாடத்தை நிறுத்திவிடுகின்றனர். ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கணக்கு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, வக்ஃபு இல்லை, நீதி வழங்குவோர்க்குரிய 'அதபுல் காழி' இல்லவே இல்லை. "இவையெல்லாம் அவர்களுக்கு எதற்கு ஹஜ்ரத்?" என்று நிர்வாகி ஒருவர் என்னைக் கேட்டார். அத்தாவின் சொத்தில் தனக்கு வர வேண்டிய பங்கு எவ்வளவு என்று கணக்கிடத் தெரியாத ஆலிமாவை உருவாக்கிவிட்டு, இஸ்லாம் பெண்ணுக்குச் சொத்துரிமை தந்தது என்று மீலாது மேடையில் முழங்குவது எவ்வாறு பொருந்தும்?

'ஆலிமா' என்னும் பட்டம் நம்மிடையே பெரும்பாலும் எங்கே பயன்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? திருமண அழைப்பிதழில். மணமகள் பெயருக்கு முன்னால் அழகிய எழுத்தில் அச்சாகிறது. நிகாஹ் முடிந்த மறுநாள் முதல் அப்பட்டத்துக்கு வேலையில்லை.

நம் பாட்டிமார் காலத்தில் நிலைமை முற்றிலும் இருண்டிருந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. எனக்கு முதன்முதலில் அலிஃப் ஓதிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் ஒரு நன்னிமா. தமிழ் எழுத்தை அவர் அறியார். ஆனால் அரபுத்தமிழில் அச்சான கிதாபுகளைச் சரளமாக வாசிப்பார். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மஙானி'யை வைத்துக்கொண்டு தெருப் பெண்களுக்கு மஸ்அலா சொல்லுவார். அவரிடம் கேட்பதில் எவருக்கும் தயக்கம் இருந்ததில்லை. அரசாங்கக் கணக்கில் அவர் எழுத்தறியாதவர். அரபுத்தமிழ் அச்சு நின்றுபோனபோது ஓர் எழுத்துமுறை மட்டும் மறைந்தது என்று நாம் இரங்குகிறோம். அதனோடு பெண்களின் கையிலிருந்த ஒரு சிறு மார்க்க அதிகாரமும் மறைந்தது. கீழக்கரை ஆசியா உம்மாவும், தென்காசி ரசூல் பீவியும், நமக்கு அண்டையிலுள்ள இளையான்குடிக் கச்சிப்பிள்ளை அம்மாளும் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடியது அத்தகைய சூழலில்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டு, உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையையும் பெற்றார். இப்பெயர்களையும் நாம் மேடைக்கே வைத்துக்கொண்டோம்.

சரி, ஜமாஅத்துக்கு வருவோம். இதுவே இக்கட்டுரையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி.

நம் பக்கத்து ஜமாஅத்துகளில் தலைக்கட்டு என்றொரு கணக்கு உண்டு. மணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. அவன் வரி செலுத்துவான்; அவன் பெயர் பதிவேட்டில் ஏறும்; கூட்டத்தில் கைதூக்கும் உரிமையும் அவனுக்கே. கணவன் இறந்தால் என்ன ஆகும்? நான் அறிந்த ஜமாஅத்துகள் பலவற்றில் விதவைக்கு வரி கிடையாது. இரக்கத்தால் ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆனால் வரி இல்லையென்றால் பதிவேட்டில் வரிசையும் இல்லை. மகன் வளர்ந்து மணமுடிக்கும்வரை அந்த வீடு ஜமாஅத்தின் தாளில் இல்லாத வீடு. முன் சொன்ன சரவெடி பின்னும் பெண்ணின் வீடும் அன்று அத்தகையதே. அவருடைய இத்தாவைப் பற்றி முடிவு செய்த கூட்டத்தில், அவருக்காகக் கேள்வி கேட்க ஒரு பெயர்கூட இல்லை. வரி விலக்கு என்ற தர்மத்தைச் செய்துவிட்டு, அதற்கு விலையாக அவள் பெயரை வாங்கிக்கொள்கிறோம் என்பது செய்பவர்களுக்கே தெரியாது.

விருதுநகர் நாடார் பெருமக்கள் தம் வணிகத்தில் மகமை எடுத்துச் சேர்த்து, 1885இல் க்ஷத்திரிய வித்யாசாலையைத் தொடங்கிய வரலாற்றை நாம் வியந்து பேசுவதுண்டு. காமராசர் பயின்ற பள்ளி அது. அவ்வூரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இலும், சிவகாசியில் ராஜரத்தினம் பெண்கள் கல்லூரி 1968இலும் எழுந்தன. நம் பெண்மக்களும் அங்கே படித்துப் பட்டம் பெறுகின்றனர். காலையில் கல்லூரியில் பொருளியல் வினாத்தாளுக்கு விடை எழுதும் பெண்ணின் கருத்து, மாலையில் தன் தெருப் பள்ளிவாசலின் கணக்கு வழக்கில் எவருக்கும் தேவைப்படுவதில்லை.

வெளியே நாடு மாறிவிட்டது. 1992ஆம் ஆண்டின் அரசியற் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழக அரசு 2016இல் அதனைப் பாதியாக உயர்த்திச் சட்டம் இயற்றியது. சிவகாசி 2021இல் மாநகராட்சியாகி, 2022இல் தேர்தல் நடந்தபோது, முதல் மேயராக அமர்ந்தவர் ஒரு பெண்மணி. நம் சமுதாயத்துப் பெண்களும் இந்த வாயில் வழியே நுழைந்துள்ளனர். துவரங்குறிச்சியில் பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் மறைவாகக் கவிதை எழுதிய கவிஞர் சல்மா, 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவரானார். அவருடைய கணவரே நிற்க எண்ணியிருந்தார். தொகுதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதனால் மனைவியை நிறுத்த நேர்ந்தது. கணவனின் நாற்காலிக்குப் பதிலாள் தேடிய சட்டச் சிக்கல் ஒரு பெண்ணை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தது! அவர் 2025இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் உண்டு. திரை விலக்க வேண்டாத இடங்களில் விலக்குகிறார் என்பது என் கருத்து. ஆயினும் படிப்பு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையின் பகற்பொழுது எத்தகையது என்பதை நம்மில் எந்த ஆலிமும் அவ்வளவு அறிந்து எழுதவில்லை.

வாணியம்பாடியில் வென்ற டாக்டர் நிலோஃபர் கஃபீல் 2016 முதல் தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்தார். நம் பட்டாசுத் தொழிலாளர்களின் பாதுகாப்பும் அத்துறையைச் சார்ந்ததே. திருமதி பதர் சயீத் தமிழ்நாடு வக்ஃபு வாரியத்துக்கே தலைவராக இருந்தவர். மாநிலத்துப் பள்ளிவாசல்களின் சொத்தெல்லாவற்றையும் மேற்பார்க்கும் வாரியத்தில் ஒரு பெண் தலைமை தாங்கலாம். 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வக்ஃபு வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்றே விதித்தது. ஆனால் அந்த வாரியத்தின் கீழுள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலின் பதிவேட்டில் ஒரு கைம்பெண்ணின் பெயர் ஏறாது. இம்முரண்பாட்டை எவரேனும் எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறேன்.

ஜமாஅத் கதவு திறக்காததால், புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே தனி ஜமாஅத் அமைத்தார். பத்திரிகைகள் அதைப் புகழ்ந்தன. நம் மேடைகள் வைதன. தனி ஜமாஅத் என்னும் மருந்தில் எனக்கு உடன்பாடில்லை. ஜமாஅத் என்ற சொல்லின் பொருளே ஒன்றுகூடல். ஆனால் நோயே இல்லையென்று சொன்னவர்களோடு நான் சேர மாட்டேன். தலாக் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்ற பெண்களே அங்கே சென்றனர்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். பாரசீகர் கிஸ்ராவின் மகளை அரியணை ஏற்றிய செய்தி வந்தபோது, தம் காரியத்தைப் பெண்ணிடம் ஒப்படைத்த கூட்டம் வெற்றி பெறாது என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்ததாக அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளதே என்பர். உள்ளது, மறுப்பதற்கில்லை. அது கிலாஃபத் போன்ற முழுத் தலைமையைக் குறித்தது என்றே ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் கொண்டனர். நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மத்ஹபில், ஹுதூது, கிஸாஸ் நீங்கலாக, பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் விவகாரங்களில் அவள் காழியாகவும் தீர்ப்பு வழங்கலாம். இமாம் தபரி அந்த வரம்பையும் வைக்கவில்லை என்பர். வார்டு உறுப்பினர் என்பவர் கலீஃபா அல்லர், மக்களின் வகீல். பெண் வகீலாவது எந்த மத்ஹபில் கூடாது? ஜமாஅத்துக் கூட்டத்தில் கருத்துக் கூறுவது மஷ்வரா. ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனமுடைந்து எழாமல் அமர்ந்திருந்தபோது, வெளியே சென்று முதலில் தாங்களே பலியிடுங்கள் என்று அண்ணலாருக்கு மஷ்வரா கூறியவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அன்றோ? மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு, அவருடைய உடன்பிறந்த அலீ (ரலி) அவர்களே மறுப்புக் கூறியும், அண்ணலார் அந்த அடைக்கலத்தை உறுதி செய்தார்கள். ஒரு பெண்ணின் சொல் ஒரு படையைக் கட்டுப்படுத்தியது.

போபாலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பேகம்கள் ஆண்டனர். அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1920இல் அமைந்தபோது அதன் முதல் வேந்தர் சுல்தான் ஜஹான் பேகம். 1965இல் பாகிஸ்தான் அதிபர் தேர்தலில் ஃபாத்திமா ஜின்னாவை மௌலானா மௌதூதி ஆதரித்தார். நெருக்கடி வந்தால் நம் பேரறிஞர்களுக்கு அனுமதி கண்ணில் படுகிறது. கூலிக்குப் போகும் பெண்ணின் நெருக்கடி மட்டும் நெருக்கடியாகத் தோன்றவில்லை போலும்.

பள்ளிவாசலில் பெண்கள் தொழுவது பற்றி நான் இங்கே வாய் திறக்கவில்லை. அது தனியே பேச வேண்டிய மஸ்அலா. நான் கேட்பது அதைவிடச் சிறியது. கணவனை இழந்தவளின் வீடு அவள் பெயரிலேயே பதிவேட்டில் நிற்கட்டும். வரி வேண்டாமென்றால் அவள் பெயருக்கு நேரே சுழி போட்டுக்கொள்ளட்டும். தலாக், இத்தா, பாகப்பிரிவினை ஆகியவை பேசப்படும் அமர்வில், ஓதிய பெண்கள் இருவர் திரைக்கு அப்பாலிருந்தேனும் கேட்டுக் கருத்துச் சொல்லட்டும். நிஸ்வான் மதரஸாக்களில் ஃபராயிளும் வக்ஃபும் பாடமாகட்டும். இவற்றுள் மார்க்கத்துக்கு முரணானது எது என்று உலமாப் பெருமக்கள் எழுதினால், இதே பத்திரிகையில் பணிவோடு விடையளிக்க முயல்வேன்.

அந்த ஊருக்குச் சென்ற ரஜபில் ஒரு நிகாஹுக்காகச் சென்றிருந்தேன். அந்த ஆலிமா இப்போது அஸருக்குப் பின் தம் வீட்டுத் திண்ணையில் பதினொரு பெண்களுக்குக் குதூரி ஓதிக் கொடுக்கிறார். சரவெடி பின்னிவிட்டு வரும் பெண்கள் இருவரும் அவர்களுள் உண்டு. என்னைப் பார்த்ததும், ஹிதாயாவின் இரண்டாம் பாகம் கிடைக்குமா ஹஜ்ரத் என்று கேட்டார். நிகாஹ், தலாக் பாடங்கள் அதில்தான் வருகின்றன. நான் ஓதிய காலத்துப் பிரதி, ஓரங்களில் என் உஸ்தாதின் குறிப்புகளோடு என்னிடம் இருந்தது. அட்டை போட்டு, சாத்தூர் பஸ்ஸில் வந்த அவருடைய தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். முதல் பக்கத்தில் இம்முறை அவர் பெயரை எழுதினேன்.